அச்சு உடைந்த பின் எஞ்சுவது

சுவாமிமலைக்கு வரும் அன்பர்கள், தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகளையும் ஏறி, தந்தைக்கே பிரணவப் பொருள் உரைத்த சுவாமிநாதப் பெருமானைக் கண்ணாரத் தொழுது திரும்புவர். அம்மலையடி வீதிகளிலேயே, தந்தை மைந்தனுக்கு உபதேசிக்கும் இடங்களும் உள்ளன. அவை ஸ்தபதியர் குடும்பங்களின் வார்ப்படப் பட்டறைகள். நம் ஆலயங்களில் திருவீதி உலா எழுந்தருளும் உற்சவ மூர்த்திகள் பலர் உருப்பெற்றது இங்கேதான்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் திருப்பணி செய்த சிற்பியரே தங்கள் முன்னோர் என்பது இக்குடும்பங்களில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி. அவர்களை இவ்வூரில் நிலைக்கச் செய்தது காவிரி படிய விட்ட வண்டல் மண். மாவினும் மென்மையான அம்மண், மெழுகில் உள்ள மயிரிழைக் கோட்டையும் விடாது பற்றிக்கொள்ளும்.

பட்டறையின் முதற்கருவி ஒரு தென்னை ஓலை நறுக்கு. திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, தாள அளவுக்கேற்ப மடிப்பர். இதற்கு ஒடியோலை என்று பெயர். உத்தம தசதாளத்தில் உயரம் 124 கூறுகளாகும்; தேவியர்க்குரிய மத்திம தசதாளத்தில் 120 கூறுகள். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழந்தாள் எங்கே என்பதை அந்த மடிப்புகளே சொல்லும்.

பின்னர் தேன்மெழுகும் குங்கிலியமும் நிலக்கடலை எண்ணெயும் கலந்த மெழுகில் திருவுருவம் சமைப்பர். அதன்மேல் வண்டலை மெல்லப் பூசி, நிழலில் உலர்த்தி, மீண்டும் கனமாக மண் பூசுவர். வறட்டித் தீயில் சூடேற்ற, உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறிய பின் மண் அச்சை உடைத்தால் மூர்த்தி வெளிப்படும். அதன்பின் உளிக்கும் அரத்துக்கும் நெடுநாள் வேலை உண்டு. நிறைவாக நல்ல நாள் பார்த்து, தங்க உளி கொண்டு கண் திறப்பர்.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மெழுகு உருகிப் போயிற்று. அச்சு உடைந்து போயிற்று. மூர்த்தியோ ஏதோ ஓர் ஊர் ஆலயத்துக்கு எழுந்தருளிவிட்டார். அதே அச்சில் இன்னொரு திருமேனி வார்க்க இயலாது. எத்தனையோ தெய்வங்கள் பிறந்த அப்பட்டறையில் எஞ்சியிருப்பவை புகை படிந்த சுவர்களும், பிடி தேய்ந்த உளிகளும், வண்டல் குவியலுமே. பாட்டனார் வடித்த நடராசரின் புன்னகை, பேரனின் விரல்களில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

ஆகவேதான் இங்குப் பிள்ளைகள் முதலில் மண் பிசையவும், அரம் பிடித்துத் தேய்க்கவும் பழகுகின்றனர். மெழுகைத் தொடும் உரிமை பிறகே வரும். கண் திறக்கும் உரிமை அதனினும் பிறகு. தியான சுலோகங்களை மனனம் செய்தவர்க்கும் கை பழக ஆண்டுகள் பல ஆகின்றன. வேறு தொழிலில் விரைந்து வருவாய் கிட்டும் இக்காலத்தில், இந்தப் பொறுமை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. ஒரு மைந்தன் உளியை வைத்துவிட்டால், பல தலைமுறைகளின் நினைவு அவ்வீட்டோடு நின்றுவிடும்.

ஆயினும் மரபு ஓய்ந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டு புதுதில்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பெற்ற 27 அடி உயர நடராசர், சுவாமிமலை ஸ்தபதியர் வார்த்த திருவுருவமே. அதற்கும் மெழுகும் காவிரி மண்ணுமே துணை நின்றன.

அடுத்த முறை படியிறங்கி வருகையில், பேரப்பிள்ளைகளின் கைப்பற்றி ஒரு பட்டறை வாயிலில் சற்று நில்லுங்கள். தந்தை மடித்த ஓலையை மைந்தன் பிரித்துப் பார்க்கும் காட்சி வாய்த்தால், அதுவும் அத்தலத்துக்குரிய உபதேசமே. பின்பு உங்கள் ஊர் உற்சவர் வீதி உலா வரும்போது, அப்பெருமானின் திருமுகத்தோடு, பெயர் பொறிக்காமல் ஒதுங்கி நின்ற அந்தக் கைகளையும் நினைந்து வணங்குவோமாக.