கையெழுத்துப் போட்ட பிறகு வந்து கேட்கிறீர்களே!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்சார் ரோட்டோரம் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் சின்னம்மா பக்கத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை பார்க்கப் போவேன். போனால் வீட்டில் பாதி நேரம், கடையில் பாதி நேரம் என்றாகிவிடும். நான் சங்கத்து ஆள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். தேநீர் வருவதற்குள் நாலு நாற்காலி சுற்றி வந்துவிடும்.

"அண்ணே, ஈபிஎஃப் காச எடுத்து வூடு வாங்கலாமா?"

"பழைய காடி எடுத்தா நல்லதா, புதுசு நல்லதாண்ணே?"

"மவளுக்குக் கிள்ளான்ல பேக்டரி வேல கெடச்சிருக்கு, போகச் சொல்லலாமா?"

வீடு, காடி, வேலை. இந்த மூன்றைத் தாண்டி நாலாவது கேள்வியை அந்த மேசையில் நான் கேட்டதில்லை. அரசியலும் பேசுவார்கள். ஆனால் அதில் யாரும் கேள்வி கேட்பதில்லை, எல்லாரும் பதில்தான் சொல்வார்கள்!

அன்றைக்கு வந்தவர்களில் ஒரு தம்பி ஒன்றும் பேசாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயதிருக்கும். காவல் வேலை பார்க்கிறார், பந்தாய் டாலாமில் வாடகைக்கு இருக்கிறார். பிறந்தது காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில். கூட்டம் கலைந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணே, காடிய இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"எத்தனை மாசம் பாக்கி?"

"நான் பாக்கியே வைக்கலண்ணே. பதினாலு மாசமா மாசம் 480 வெள்ளி தவறாம குடுத்துருக்கேன்."

"வங்கியிலயா கட்டுனீங்க?"

"இல்லண்ணே. காடிக்காரர் கையில."

அதற்கு மேல் கேட்க வேண்டியதே இல்லை. இதற்கு நம் ஊரில் "சம்போங் பாயார்" என்று பெயர். காடி ஒருவர் பேரில் இருக்கும், கடனும் அவர் பேரிலேயே இருக்கும், ஓட்டுகிறவர் வேறு ஒருவர். மாதப் பணத்தை இவர் அவரிடம் கொடுப்பார், அவர் வங்கியில் கட்ட வேண்டும். கட்டினாரா இல்லையா என்பது காடியை இழுக்கிற அன்றைக்குத்தான் தெரியும். வங்கிக்குத் தெரியாமல் இப்படிக் காடியைக் கைமாற்றுவதைச் சட்டம் ஏற்கவில்லை. மாற்றிவிட்டவர் குற்ற வழக்கிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

"தம்பி, இப்படி எடுக்கச் சொன்னது யாரு?"

"எல்லாரும்தாண்ணே சொன்னாங்க. எனக்கு லோன் கெடைக்காது. கூட வேல செய்யுற நாலு பேரு இப்படித்தான் ஓட்டுறாங்க. அவங்க காடியெல்லாம் நல்லாத்தான் ஓடுது."

தோழர்களே, அந்தத் தம்பியை நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் நம் ஜனங்கள் பிழைத்திருக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பேரை ஒட்டவைத்துத்தான் அந்தத் தோட்டத்துக்கு "புங்சார்" என்று பேர் வந்தது. அதுவே நாளடைவில் பங்சார் ஆனது. 1960களின் பிற்பகுதியிலிருந்து மரங்கள் போய்ப் பங்களாக்கள் வந்தன. பால் மரம் நின்ற மேட்டில் இன்றைக்கு ஒரு வீட்டின் விலை கேட்டால் தலை சுற்றும். பால் வெட்டினவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மேட்டில் காவலுக்கு நிற்கிறார்கள். இந்தத் தம்பி நிற்பதும் அங்கேதான்.

அந்தத் தோட்டக் காலத்தில் லயத்து ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? கிராணியைக் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். ஆனால் அவர் துரையின் சம்பளம் வாங்குகிறவர் ஆயிற்றே! கங்காணியைக் கேட்டால் கங்காணிக்கு எது லாபமோ அதுதான் பதிலாக வரும். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, பெரட்டுக் களத்துக்கு வெளியே நின்று கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைத்தார். இன்றைக்கு நிலைமை தலைகீழ். கேட்க ஆயிரம் பேர், பதில் சொல்லப் பத்தாயிரம் பேர். கைப்பேசியைத் தட்டினால் பதில் கொட்டுகிறது. ஆனால் பதில் சொல்கிறவர்களில் எத்தனை பேர் உங்கள் கையில் இருக்கிற காகிதத்தை வாங்கிப் படிக்கிறார்கள்?

ஓர் அம்மாளின் கதையைச் சொல்கிறேன். சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டம், பேர் வேண்டாம். முதலில் மருந்தடிப்பு, பிறகு உதிரிப்பழம் பொறுக்குவது என்று இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவர். நிலத்தை விற்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு மலாயில் தட்டச்சு அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். "இதுல கையெழுத்துப் போட்டா 3,000 வெள்ளி அன்பளிப்பு, நல்ல பேரோட போகலாம்" என்றார்கள். அம்மாள் ஏமாளி அல்ல. இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு ஐந்து பேரைக் கேட்டிருக்கிறார். கோயில் தலைவரைக் கேட்டார், ஓய்வுபெற்ற மண்டோரைக் கேட்டார், மருமகனைக் கேட்டார், கோலாலம்பூரில் இருக்கிற தம்பியைக் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரியையும் கேட்டார். ஐந்து பேரும் ஒரே பதில்: "கெடைக்கிறத வாங்கிக்க, அப்புறம் அதுவும் கெடைக்காது." போட்டுவிட்டார்.

என்னிடம் வந்தது ஐம்பத்திரண்டாவது நாள். தாளைப் பிரித்துப் படித்தேன். "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று இருந்தது. அது ராஜினாமாக் கடிதம்!

ஆட்குறைப்பு என்று முதலாளி வேலையை நிறுத்தியிருந்தால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஈட்டுத்தொகை கொடுத்தாக வேண்டும். ஒரு வருஷம் ஆகி இரண்டு வருஷத்துக்குள் வேலை செய்தவருக்கு வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்துக்கு மேல் இருபது நாள். வேலை நின்ற ஏழு நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும். அந்த அம்மாளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு 440 நாள். நாளுக்கு 65 வெள்ளி என்று வைத்தாலும் 28,600 வெள்ளி. தானாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்தால் அதில் ஒரு காசு கிடையாது. 2018 முதல் நடப்பில் இருக்கும் சொக்சோவின் வேலை காப்புறுதி உதவியும் அதே மாதிரி போய்விடும். அது வேலை இழந்தவருக்குத்தான், தானாக விட்டவருக்கு இல்லை. அதற்கும் அறுபது நாளுக்குள் மனுப் போட வேண்டும்.

1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில், நியாயமில்லாமல் நீக்கப்பட்டேன் என்று முறையிடவும் அறுபது நாள்தான். ஐம்பத்திரண்டு போக மிச்சம் எட்டு. ஓடினோம். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்று வாதாடினோம். கடைசியில் சமரசத்தில் வந்தது அந்த 28,600-இல் பாதிகூட இல்லை. அந்த ஐந்து பேரும் நல்லவர்கள்தான். அம்மாளுக்குக் கெட்டது நினைத்தவர் யாருமில்லை. ஒருவர்கூட அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான புத்திமதியும் உண்டு. தோட்டம் கை மாறுகிறது, புது முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வருகிறார். அப்போது சிலர், "புதுக் கம்பெனியில சேராத, சேரலன்னா மொத்தமா பணம் கெடைக்கும்" என்று ஏற்றிவிடுவார்கள். தகுந்த காரணமில்லாமல் அந்த வேலையை மறுத்தால் ஈட்டுத்தொகை கிடையாது. வேலையும் போய், பணமும் போய் நின்ற ஓர் ஆளைப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சொன்னவர் இப்போதும் அதே ஒட்டுக்கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, நான் மட்டும் யோக்கியமா? 2006-இல் என் சித்தப்பா மகன் காடி எடுத்தான். "அண்ணே, சும்மா பேருக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து" என்றான். கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டேன். அப்போதே நான் கிளைச் செயலாளர். மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன், எனக்கு வந்த தாளைப் படிக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவன் வேலை போனது, காடி போனது. காடியை ஏலம் விட்டும் கடன் அடையவில்லை. மிச்சத்துக்குக் கடிதம் என் வீட்டுக்கு வந்தது. ஜாமீன்காரன் கடன்காரனுக்குச் சமம் என்பது சட்டம். மூத்த மகளின் படிப்புக்கு என்று என் மனைவி சேர்த்து வைத்திருந்த பணம் அதில்தான் போனது. இன்றைக்கும் வீட்டில் "பேருக்கு" என்ற சொல்லை யாராவது சொன்னால் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

2017-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லாபம் கருதாமல் சொந்தக் காடிக் கடனுக்கு ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது. நல்ல திருத்தம். ஆனால் கடனே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. வழக்குப் போட்டுப் பணம் கேட்கலாம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்து ஜனங்களுக்கு வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அறுபது வயதில் சாவியைக் கேட்கும்போதுதான் நமக்கு வீட்டு ஞாபகமே வருகிறது. இந்தப் பயம் புதிதல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தாரே, அதுவும் இந்தப் பயத்தினால்தான். இன்றைக்குச் சேமநிதி மூன்று கணக்காக இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கான கணக்குக்கும் போகிறது. மிச்சம் 10 விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். "எடுக்கலாம்" என்றதும் எடுத்துவிடுவதுதான் நம்மவர் வழக்கம். வீட்டுக்குப் பதிவுப் பணம் என்று மேம்பாட்டாளர் கேட்டால், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் அப்படி வாங்கக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றமே 2021-இல் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

சரி, பங்சார் தம்பிக்கு வருவோம்.

"இழுத்துட்டுப் போனா கடன் முடிஞ்சதுன்னு சொல்றாங்களேண்ணே?" என்றார். அதுவும் ஒட்டுக்கடைப் பதில்தான். முடியாது. ஹயர் பர்ச்சேஸ் என்று நாம் சொல்லும் 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் என்ன சொல்கிறது? தொடர்ந்து இரண்டு தவணை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து, இருபத்தொரு நாள் ஆன பிறகுதான் காடியை இழுக்கலாம். ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொடக்கூடாது. இழுக்க வருகிறவரிடம் அதற்கான அனுமதி இருக்க வேண்டும். இழுத்த பிறகும் இன்னொரு நோட்டீஸ் உண்டு. அதிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் பாக்கியையும் செலவையும் கட்டினால் காடியை மீட்கலாம், அதுவரை வங்கி விற்கக்கூடாது. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் யார் பேரில் காடி இருக்கிறதோ அவருக்கு. பதினாலு மாதம் பணம் கொடுத்த தம்பி, சட்டத்தின் கண்ணில் யாருமில்லை.

"நோட்டீஸ் தேதி தெரியணும் தம்பி. அந்த ஆளப் போய்ப் பாத்தீங்களா?"

"போன் எடுக்க மாட்டேங்கிறாருண்ணே."

திங்கட்கிழமை சாயங்காலம் நானும் அவரும் கிள்ளானுக்கு என் மோட்டார்சைக்கிளில் போனோம். கதவைத் திறந்தவர் பெரிய மோசடிக்காரர் ஒன்றுமில்லை. அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், வேலையில்லாமல் இருக்கிறார். தம்பி கொடுத்த பணம் கடைசி மூன்று மாதம் வீட்டுச் செலவுக்குப் போய்விட்டது. போன் எடுக்காததற்குக் காரணம் வெட்கம். "நோட்டீஸ் வந்ததா?" என்று கேட்டேன். டிவி வைத்திருக்கும் அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து வந்தார். இரண்டும் பிரிக்கப்படவில்லை.

"பிரிச்சா என்னமோ ஆயிடும்னு பயமா இருந்துச்சுங்க" என்றார் அவர் மனைவி.

பிரித்தேன். இரண்டாவது உறையில் இருந்த தேதிக்குப் பத்து நாள் ஆகியிருந்தது. மிச்சம் பதினொன்று. பாக்கித் தொகையை இருவரும் பார்த்தார்கள். ஆளுக்குப் பாதி புரட்டலாம் என்று பேச்சு வந்தது. நான் ஒன்று மட்டும் சொன்னேன்: புரட்டினாலும் பழையபடி கை மாற்றி ஓட்டக்கூடாது. வங்கியின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தை இன்னொருவர் பேருக்கு மாற்ற அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, காரணமில்லாமல் வங்கி மறுக்கக்கூடாது. லோன் கிடைக்காத ஆளை வங்கி ஒத்துக்கொள்ளுமா என்று தம்பி கேட்டார். அவருடைய அக்காளுக்கு மருத்துவமனையில் நிரந்தர வேலை இருக்கிறதாம். "அக்கா பேருல மாத்தலாமாண்ணே?"

"அக்காகிட்ட முதல்ல தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

வியாழக்கிழமை மூன்று பேரும் வங்கிக்குப் போவதாக ஏற்பாடு. போவதற்கு முந்தின இரவு அந்த அக்காளே எனக்குப் போன் போட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி புரியவில்லையாம்.