இண்டிகேட்டர் விளக்கு விட்டு விட்டு எரியவில்லையா?

விக்கிரவாண்டி வட்டாரத்தில் கரும்பு வெட்டு தொடங்கியதும், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் இரவிலும் பகலிலும் செல்கின்றன. சென்னை-திருச்சி நான்கு வழிச் சாலையில் பேருந்தும் லாரியும் விரையும் வேகம் வேறு. பாரம் இழுக்கும் டிராக்டரின் வேகம் வேறு. டிராக்டர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இண்டிகேட்டர் விளக்கு நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை விட்டு விட்டு எரிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கூறுகின்றன.

பழைய டிராக்டர், ஜீப், அம்பாசிடர் கார் ஆகியவற்றில் இவ்விளக்கு சரியாக எரியாவிட்டால், உடனே பிளாஷரை மாற்றுவது பலரின் வழக்கம். ஆனால் பிளாஷர் நன்றாகவே இருந்து, பல்பிலோ எர்த்திலோ கோளாறு இருப்பதுண்டு. ஆகவே கடைக்குச் செல்லுமுன் நீங்களே வரிசையாகச் சோதித்துப் பார்ப்பது நலம்.

பிளாஷர் வேலை செய்யும் விதம்

பழைய வகை பிளாஷரின் உள்ளே ஓர் உலோகத் தகடு உண்டு. மின்சாரம் பாயும்போது அது சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும்; ஆறியதும் மீண்டும் சேரும். முன்னும் பின்னும் 21 வாட் பல்பு இரண்டு எரிந்தால், 12 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர் மின்சாரம் பாயும். தகடு சூடாக இந்த அளவு தேவை. ஒரு பல்பு பியூஸ் போனால் மின்சாரம் பாதியாகக் குறையும். தகடு போதிய அளவு சூடாகாது; மற்ற விளக்கு நிலையாக எரியும். சில வகை பிளாஷர்களில் மினுக்கும் வேகம் மாறும். எனவே பிளாஷர் நின்றுபோவதே வேறிடத்துக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம்.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கட்டை கொடுக்கவும். விரல் மோதிரத்தைக் கழற்றி வைக்கவும்.

1. ஒரு பக்கம் மட்டும் மினுக்கவில்லை என்றால் அப்பக்கத்துப் பல்பு, ஹோல்டர், எர்த் ஆகியவற்றைப் பார்க்கவும். 21 வாட் பல்புக்குப் பதில் 5 வாட் பல்பு போட்டிருந்தாலும் இக்கோளாறு வரும். ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யவும்.

2. விளக்கின் உலோக உடலிலிருந்து டிராக்டரின் சட்டத்திற்கு ஒரு தனி ஒயர் பிடித்துப் பார்க்கவும். உடனே சரியாக மினுக்கினால் எர்த் கோளாறு. துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு, எர்த் ஒயரை இறுக்கவும்.

3. இருபக்கமும் எரியவே இல்லை என்றால் முதலில் பியூஸைப் பார்க்கவும். அது நன்றாக இருந்தால், இரு முனை பிளாஷரின் ஒயர்களைக் கழற்றி, அவ்விரண்டையும் சில விநாடிகள் ஒன்றாக இணைத்து சுவிட்ச் போடவும். விளக்கு நிலையாக எரிந்தால் பிளாஷரே கெட்டுள்ளது, மாற்றவும். எரியாவிட்டால் சுவிட்சையும் ஒயரையும் சோதிக்கவும். வைக்கோல் அருகே நிறுத்தும் வண்டிகளில் எலி ஒயரைக் கடிப்பதுண்டு.

4. என்ஜின் ஓடும்போது மட்டும் சரியாக மினுக்கினால், பாட்டரி பலவீனமாக இருக்கலாம்.

எல்.இ.டி. பல்பு போட்டவர்களுக்கு

எல்.இ.டி. பல்பு மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் பழைய பிளாஷர் சூடாவதில்லை. இதற்கேற்ற எலக்ட்ரானிக் பிளாஷரைக் கேட்டு வாங்கிப் பொருத்தவும்.

டிரெய்லர் இணைக்கும்போது

டிரெய்லரின் பல்பும் சேர்ந்தால் மின்சாரம் சுமார் 5.25 ஆம்பியராக உயரும். இதற்குத் தகுந்த பிளாஷர் தேவை. டிரெய்லரின் எர்த்துக்குக் கொக்கியை நம்பக்கூடாது. கிரீசும் துருவும் இணைப்பைக் கெடுக்கும். பிளக்கின் வழியே தனி எர்த் ஒயர் இழுக்கவும்.

செய்யக்கூடாதவை

பியூஸ் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளையோ தடித்த கம்பியையோ சுற்றக்கூடாது. ஒயர் காய்ந்து தீப்பிடித்தால், மேலே உள்ள வைக்கோலும் சோகையும் நொடியில் எரியும்.

பழுது நீங்கும்வரை இரவில் பாரம் ஏற்றிச் செல்லாதீர்கள். பகலிலும் கை காட்டி, பின்னால் வருவோரைக் கவனித்தே திரும்புங்கள். பாரம் கட்டி முடித்தபின், தொங்கும் கரும்பு பின்விளக்கை மறைக்கிறதா என்று ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. பின்னால் வருபவர் கண்ணிலும் பட வேண்டும்.