அலை, எழுச்சி, வீக்கம்: சில ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம்

வேவ், பில்லோ, சர்ஜ், ஸ்வெல், சர்ஃப். ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் எதிரே "அலை" என்றுதான் இருக்கும். ஆனா இந்தச் சொற்களோட பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒவ்வொன்றும் ஒரு திசைக்குக் கூட்டிட்டுப் போகுது. அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

1. வேவ்

கடல் அலைக்கு 'வேவ்' என்ற சொல் ஆங்கிலத்தில் வந்தது 1520-களில்தான். அதற்கு முன்பு 'வாவ்' என்பது போன்ற ஒரு சொல் இருந்தது. அதன் வேர், இங்கும் அங்கும் அசைவதைக் குறித்த ஒரு பழைய ஆங்கில வினை. நாய் வாலை ஆட்டுவதைச் சொல்லும் 'வேக்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.

கையசைப்பதைக் குறிக்கும் 'வேவ்' என்ற வினைக்கு வேறொரு பழைய வேர் உண்டு. ஓசையும் பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், கையசைக்கும் சொல் கடலுக்கும் வந்து பழைய சொல்லை வெளியேற்றிவிட்டது. ஆக, 'வேவ்' என்பதில் அடிப்படைக் கருத்து அசைவு. நம்ம "அலை"யும் அப்படித்தானே? அலைதல், அலைச்சல், அலைக்கழித்தல் எல்லாம் அசைவுதான். இரண்டு மொழிகளும் கடலைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன என்று மட்டும் இதை வைத்துச் சொல்லலாம். உறவு என்று சொல்ல இது போதாது.

2. பில்லோ

தலையணை இல்லைங்க, அது வேற. பெரிய அலையைக் குறிக்கும் இந்தச் சொல் பழைய நார்ஸ் மொழியின் 'பில்க்யா'விலிருந்து வந்தது. வைக்கிங்குகள் பேசிய மொழி அது. இதன் வேர்ப்பொருள் வீங்குதல், உப்புதல். வயிற்றைக் குறிக்கும் 'பெல்லி', கொல்லன் துருத்தியைக் குறிக்கும் 'பெல்லோஸ்' இரண்டும் இதற்குப் பங்காளிகள்.

இன்னொரு பங்காளியைக் கேட்டால் சிரிப்பு வரும்: 'பட்ஜெட்'. வீங்கிய தோல்பையைக் குறித்த லத்தீன் 'புல்கா' பிரெஞ்சில் 'பூஜ்' ஆனது. சின்னப் பை 'பூஜெட்' ஆனது. அதுவே ஆங்கிலத்தில் பட்ஜெட். நிதியமைச்சர் கையில் பெட்டியோடு வந்தது சும்மா இல்லை!

3. சர்ஜும் ஸ்வெல்லும்

'சர்ஜ்' லத்தீன் 'சுர்கெரெ'யிலிருந்து வந்தது. எழுதல் என்று பொருள். ஊற்றைக் குறித்த 'சோர்ஸ்', உயிர்த்தெழுதலைக் குறிக்கும் 'ரிசரக்‌ஷன்' எல்லாம் அதே வேர். 'ஸ்வெல்' சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், வீங்குதல்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. புயலின் காற்று தள்ளித் தள்ளி, கரையோரக் கடல்மட்டமே உயர்ந்து உள்ளே வருவது 'ஸ்டார்ம் சர்ஜ்'. ஸ்வெல் அப்படியில்லை. எங்கோ தொலைவில் அடித்த காற்றில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வரும் நீண்ட அலை அது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடித்தால், சில நாள் கழித்து கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் வெயில் அடிக்கிற நேரத்தில் கடல் ஊருக்குள் வரும். மலையாளத்தில் இதற்குப் பெயர் கள்ளக்கடல். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். "வானம் தெளிவாத்தானே இருக்கு" என்று எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது.

4. 'உண்டா' குடும்பம்

லத்தீனில் அலைக்கு 'உண்டா' என்று பெயர். இதன் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். நெளிந்து அசைவது 'அண்டுலேட்'. வெள்ளத்தில் மூழ்கடிப்பது 'இனண்டேட்'. அலை கரை மீறி வழிகிற மாதிரி நிறைந்திருப்பது 'அபண்டண்ட்'.

நம்ம தொழிலில் தினமும் புழங்கும் 'ரிடண்டன்ஸி'யும் இதுதான். ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கட்டும் என்று கூடுதலாக வைக்கிறோமே, அது 'வழிந்து மிகுந்தது' என்ற பொருளில் வந்த சொல். பிரிட்டன்காரர்கள் ஆட்குறைப்பு செய்யும்போதும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். சர்வர் மிகுதியாக இருந்தால் பாதுகாப்பு, மனிதன் மிகுதியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பு. இருபது வருஷம் உழைத்தவரைக் கூப்பிட்டு "நீங்கள் வழிந்துபோன தண்ணீர்" என்று சொல்கிற மாதிரிதான்.

இந்தக் குடும்பத்தில் முக்கியமானது 'சரௌண்ட்'. சூழ்ந்து நிற்பது என்று பொருள், உள்ளேயே 'ரௌண்ட்' என்ற ஓசை இருக்கு, அப்போ வட்டத்திலிருந்து வந்ததுதானே? இல்லை. லத்தீன் 'சூப்பருண்டாரெ', அதாவது மேலே வழிந்து பாய்தல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'ரௌண்ட்' போல ஒலித்ததால், பிற்காலத்தில் எழுத்தும் பொருளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. ஆங்கிலேயர்களே தங்கள் சொல்லைக் காதால் கேட்டு ஏமாந்த கதை இது.

5. சர்ஃப்

கரையில் உடைந்து நுரைக்கும் அலைக்கு 'சர்ஃப்'. இது எழுத்தில் வருவது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு முன்பு 'சஃப்' என்ற வடிவமும் உண்டு. தொடக்கத்தில் இந்தச் சொல் இந்தியக் கடற்கரையைப் பற்றி எழுதும்போதே வருகிறது.

காரணம் புரியாமல் இல்லை. சென்னையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் ஆழத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, உடையும் அலைகளைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடித்த படகு அந்த அடியைத் தாங்காது. அதே கரையில் பார்த்த கட்டுமரம்தான் 'கேட்டமரான்' என்று ஆங்கிலத்துக்குப் போனது.

உடனே, "சுருளும் அலை, சுருள், சர்ஃப், ஆகவே தமிழ்!" என்று எழுதக் கை துடிக்கும். கட்டுமரத்துக்கு எழுத்துச் சான்று இருக்கு. பொருளும் அதே, இடமும் அதே. சர்ஃபுக்கு அகராதிகள் இந்திய மூலம் இருக்கக்கூடும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. நாமும் அங்கேயே நிற்பது நல்லது. ஓசை ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு பத்துச் சொற்களைத் தமிழ் என்று சொன்னால், உண்மையாகவே நம்மிடமிருந்து போன கட்டுமரத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.