வின்க்ஸ் என்ற பந்தயக் குதிரை

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில், பத்மநாப சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் குதிரை மாளிகை இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய அரண்மனை அது. அதன் கூரைக்குக் கீழே 122 மரக் குதிரைகள் வரிசையாக இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் பாய்ந்து ஓடப் போவது போலத் தோன்றும். உயிருள்ள குதிரையை, போலீஸ் குதிரைப் படை தெருவில் வரும்போது பார்த்திருப்பீர்கள். ஆனால் பந்தயக் குதிரையை நம்மில் பலர் நேரில் பார்த்ததில்லை.

பந்தயக் குதிரை ஒரு தனி இனம். அதற்கு 'தரோபிரெட்' என்று பெயர். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் உருவான இனம் இது. அரபு நாடுகளிலிருந்தும் துருக்கிப் பக்கத்திலிருந்தும் ஆண் குதிரைகளைக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்த பெண் குதிரைகளோடு அவற்றைச் சேர்த்தார்கள். இன்று உலகத்தில் உள்ள இந்த இனக் குதிரைகள் எல்லாம், தந்தை வழியில் மூன்றே மூன்று குதிரைகளின் வாரிசுகள்.

பந்தயத்தில் ஆண் குதிரையும் பெண் குதிரையும் சேர்ந்து ஓடுவது உண்டு. அப்போது பெண் குதிரை சுமக்கும் எடையைச் சற்றுக் குறைப்பார்கள். அவ்வளவுதான் சலுகை. பெண் குதிரை ஆணை ஜெயிக்குமா என்று கேட்கிறீர்களா? 1943இல் மும்பையில் முதல் இந்திய டெர்பி பந்தயம் நடந்தது. அதில் முதலில் வந்தது 'பிரின்சஸ் பியூட்டிஃபுல்' என்ற பெண் குதிரைதான். பரோடா மகாராஜாவின் குதிரை. அதை ஓட்டியவர் எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலியர்.

அந்த ஆஸ்திரேலியாவில் 2011 செப்டம்பர் 14ஆம் தேதி ஒரு பெண் குட்டி பிறந்தது. அதுதான் வின்க்ஸ். தாயின் பெயர் வேகாஸ் ஷோகேர்ள். தந்தையின் பெயர் ஸ்ட்ரீட் க்ரை. 2013இல் அந்தக் குட்டியை ஏலத்தில் விட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து 2,30,000 டாலருக்கு வாங்கினார்கள். அன்றைய நம் கணக்கில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். கிறிஸ் வாலர் என்பவர் அதற்குப் பயிற்சி கொடுத்தார்.

தொடக்கத்திலேயே அது எல்லோரையும் வென்றுவிடவில்லை. முதல் 10 பந்தயங்களில் 4 வெற்றி, 6 தோல்வி. பரவாயில்லை என்று சொல்லும்படியான குதிரை, அவ்வளவுதான். 2015 மே மாதம் குயின்ஸ்லாந்தில் ஒரு பந்தயம் நடந்தது. வின்க்ஸ் வெகு தூரம் பின்தங்கி ஓடியது. இனி முடியாது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். கடைசி நீட்டத்தில் அது எல்லாக் குதிரைகளையும் தாண்டி வந்து ஜெயித்தது. அதற்குப் பிறகு வின்க்ஸ் தோற்கவே இல்லை. நான்கு ஆண்டுகளில் தொடர்ந்து 33 வெற்றி!

எப்படி முடிந்தது? வின்க்ஸ் எட்டு வைப்பதில் மற்றக் குதிரைகளை விடச் சுறுசுறுப்பு. ஒரே நேரத்தில் அதிக எட்டுகள் வைக்கும். களைத்த பிறகும் அந்த வேகம் குறையாது. பெரும்பாலும் அதை ஓட்டியவர் ஹியூ போமன். அவர் அவசரப்படுத்த மாட்டார். பின்னால் வைத்திருந்து, கடைசியில்தான் விடுவார்.

ஆபத்தான நாட்களும் உண்டு. 2017 ஆகஸ்டில் சிட்னியில் கதவு திறந்தபோது வின்க்ஸ் கிளம்பவே தாமதித்தது. மற்றக் குதிரைகள் முன்னே போய்விட்டன. அத்தனை தூரத்தையும் பிடித்து, மயிரிழையில் வென்றது. மெல்போர்னில் நடக்கும் 'காக்ஸ் பிளேட்' பந்தயத்தை 2015 முதல் 2018 வரை நான்கு தடவை வென்றது. வேறு எந்தக் குதிரையும் அதை நான்கு தடவை வென்றதில்லை.

எல்லோரும் வின்க்ஸ் மேலேயே பணம் கட்டினார்கள். அதனால் கடைசிப் பந்தயத்தில் 100 கட்டியவருக்கு 10 கூட லாபம் இல்லை. ஆனால் சொந்தக்காரர்களுக்குப் பரிசுப் பணமாக மொத்தம் 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

2019 ஏப்ரல் 13ஆம் தேதி வின்க்ஸ் கடைசியாக ஓடியது. அன்றும் வெற்றிதான். அப்போது அதற்கு ஏழு வயது. இனி குட்டி போடட்டும் என்று முடிவு செய்தார்கள். இங்கேதான் பெண் குதிரைக்கும் ஆண் குதிரைக்கும் பெரிய வித்தியாசம். பேர் பெற்ற ஆண் குதிரையை ஒரே ஆண்டில் நூறு பெண் குதிரைகளுக்கு மேல் சேர்ப்பார்கள். பெண் குதிரை 11 மாதம் வயிற்றில் சுமக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போட முடியும். நம் ஊரில் பசுவுக்குச் சினை ஊசி போடுகிறார்கள் அல்லவா? பந்தயக் குதிரைக்கு அது கூடாது. ஊசியில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் என்று பதிவு செய்ய மாட்டார்கள். நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டிக்குத்தான் பதிவு.

2020 அக்டோபரில் வின்க்ஸ் முதல் பிரசவம் பார்த்தது. பெண் குட்டி. அது பிழைக்கவில்லை. தாயை மருத்துவர்கள் கண்காணிப்பில் வைத்தார்கள். ஓட்டத்தில் யாருக்கும் தோற்காத குதிரைக்கும் பிரசவம் என்றால் கண்டம்தான்.

வின்க்ஸுக்கு முன் 'பிளாக் கேவியர்' என்ற பெண் குதிரை புகழ் பெற்றிருந்தது. 25 பந்தயம் ஓடி 25இலும் வென்றது. அதன் குட்டிகளில் ஒன்றுகூடத் தாயைப் போல ஓடவில்லை. அதன் தம்பி ஒன்றை 2013இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். அது ஒரு பந்தயம் கூட ஓடாமல் அதே ஆண்டு இறந்துபோனது. பிளாக் கேவியரும் 2024 ஆகஸ்டில், குட்டி போட்ட சிறிது நேரத்திலேயே உயிர் விட்டது. குளம்புக்குள் வீக்கம் வரும் நோய் அதற்கு இருந்தது. இரத்தம் நல்லது என்பதற்காக எல்லாம் நல்லபடி நடந்துவிடாது.

வின்க்ஸ் மறுபடி சினையானது. 2022 அக்டோபர் 7ஆம் தேதி ஒரு பெண் குட்டி பிறந்தது. தந்தை பியேரோ என்ற குதிரை. இந்தத் தடவை தாயும் குட்டியும் சுகம்.

குட்டியை என்ன செய்வது? சொந்தக்காரர்கள் அதை ஏலத்துக்கு விட்டார்கள். பூர்வீக வீட்டைப் பங்காளிகள் ஏலம் போட்டு, அதில் ஒருவரே எடுத்துக்கொள்வது போல, வின்க்ஸின் பங்காளி டெபி கெபிட்டிஸ் என்ற அம்மாள் ஏலம் கேட்டார். எதிர்த்துக் கேட்டவர்கள் விடவில்லை. விலை ஏறிக்கொண்டே போய் ஒரு கோடி டாலரில் நின்றது. நம் கணக்கில் சுமார் 55 கோடி ரூபாய். ஆஸ்திரேலியாவில் அதுவரை எந்த இளங்குட்டிக்கும் அந்த விலை கிடைத்ததில்லை. டெபி அம்மாளே எடுத்தார்.

அன்று 2024 ஏப்ரல் 8. குட்டிக்கு ஒன்றரை வயது. அது இன்னும் ஒரு பந்தயம் கூட ஓடியிருக்கவில்லை.