காலில் குளிரா? தலையை மூடுங்கள்!

மார்கழி விடியலில் வெளியே புறப்படும் பிள்ளையைப் பார்த்து, "தலையை மூடிக்கொண்டு போ" என்று சொல்லாத பாட்டி நம் நாட்டில் இல்லை. ஆயினும் நம் குளிர் சில மணி நேரக் குளிர். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். பூமியின் வடகோடியிலோ கதிரவன் ஒளியும் வெப்பம் தராத மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில், அலாஸ்காவிலும் மின்னசோட்டாவிலும் பின்லாந்திலும், மிதிவண்டியில் படுக்கை, உணவு, அடுப்பு ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு வெண்பனியின்மேல் நாட்கணக்கில் பயணம் செய்வோர் இருக்கின்றனர். கேட்பதற்கே நடுங்குகிறது அன்றோ? அவர்களிடையேயும் மலையேறுவோரிடையேயும் ஒரு சொல் வழங்குகிறது: கால் குளிர்ந்தால் தலையில் குல்லாய் போடு என்பதே அது. கால் குளிருக்குத் தலையில் மருந்தா? இதை ஆராய்வோமானால், நம் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை முழுவதும் விளங்கும்.

நூறாண்டுக்கு முன்பே

பனிநாட்டு மிதிவண்டிப் பயணம் நேற்று முளைத்த விளையாட்டன்று. 1899-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் பொன் கிடைப்பதாகச் செய்தி பரவியது. கனடாவின் டாசன் நகரில் இருந்த பலர் நோம் நோக்கிப் புறப்பட்டனர். இடைத்தொலைவு ஏறத்தாழ 1,000 மைல். பாதையோ உறைந்து கிடந்த யூக்கான் ஆறு. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியே அந்நாட்டு வாகனம். எட் ஜெசன் என்பவர் 1900 பிப்ரவரியில் மிதிவண்டியில் கிளம்பி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் நோம் சேர்ந்தார். கடுங்குளிரில் வண்டியின் எண்ணெய் உறைந்தது. ரப்பர் சக்கரம் இரும்பாய் இறுகியது. மூக்கும் உறையத் தொடங்கியது. ஒரு கையால் வண்டியைப் பிடித்து மறுகையால் மூக்கைத் தேய்க்கும் பழக்கம் இன்னும் கைவராமல் தவித்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டில் மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்னும் இளைஞரும் அவ்வழியே சென்றார். வழியில் சங்கிலி அறுந்துபோகவே, தம் மேலங்கியைக் கம்பில் பாய்போல் விரித்து, காற்றின் துணையால் வண்டியைச் செலுத்தி நோமை அடைந்தார்.

1987-இல் அலாஸ்காவில் இடிடாபைக் என்ற பெயரில் குளிர்கால மிதிவண்டிப் போட்டி தோன்றியது. அதன் வழிவந்த இடிடரோட் டிரெயில் இன்விடேஷனல் என்னும் போட்டியில், நிக் ஏரியிலிருந்து மெக்ராத் ஊருக்கு 350 மைலும், விரும்பினால் நோம் வரை 1,000 மைலும் செல்கின்றனர். மின்னசோட்டாவில் 135 மைல் கொண்ட ஆரோஹெட் போட்டி சனவரி இறுதியில் நடைபெறுகிறது. வெண்பனியில் புதையாதிருக்க, 4 அங்குலமும் அதற்கு மேலும் அகன்ற சக்கரங்களில் காற்றைக் குறைத்து ஓட்டுகின்றனர். வண்டி இவ்வாறு மாறிவிட்டது. மனிதனின் மூக்கும் கால்விரலும் மட்டும் ஜெசன் காலத்தில் இருந்தவாறே இருக்கின்றன.

உடலின் வரவு செலவு

வருவாய் குறைந்த குடும்பம் என்ன செய்யும்? அடுப்புக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றச் செலவுகளைச் சுருக்கும். உடலும் அவ்வாறே. அதன் வெப்பம் குறையத் தொடங்கினால், இதயம், நுரையீரல், மூளை முதலிய உள்ளுறுப்புகளுக்கே முதலிடம் தருகிறது. கை, கால்களின் தோலுக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. சூடான குருதி போகாத கால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் ஆறுகிறது. கால் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே போதிய அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை. நடுவுடலிலிருந்து வரும் குருதியையே அது நம்பியிருக்கிறது.

தலையின் தன்மை வேறு. குளிரில் கைகால்களின் குழாய்கள் சுருங்கும் அளவுக்குத் தலைத்தோலின் குழாய்கள் சுருங்குவதில்லை. ஆகவே திறந்த தலையிலிருந்து வெப்பம் இடைவிடாது வெளியேறுகிறது. நடுவுடல் அந்த இழப்பை ஈடுசெய்யக் கால்களின் பங்கைக் குறைக்கிறது. தலையை மூடினால் இழப்பு குறையும். கால்களுக்கு மீண்டும் பங்கு கிடைக்கும். பழைய சொல்லின் பொருள் இதுவே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுவோம். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போய்விடுகிறது என்று பல நூல்கள் எழுதின. 1970-இல் வெளிவந்த அமெரிக்க இராணுவக் கையேடு ஒன்றும் 40 முதல் 45 விழுக்காடு என்றது. இது மிகை. மற்ற உடல் முழுவதையும் மூடித் தலையை மட்டும் திறந்து விட்டால் அவ்வாறு தோன்றலாம். தலை, உடற்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அதன் வழி இழப்பும் பெரும்பாலும் அப்பங்கை ஒட்டியதே. ஆகவே குல்லாய் மட்டும் போதாது. மார்பும் வயிறும் தொடையும் மூடப்பட வேண்டும். வயிற்றில் உணவும் இருக்க வேண்டும். உணவே உடலின் விறகு.

தானே உண்டாக்கும் காற்று

மிதிவண்டியில் செல்பவர் காற்றில்லாத நாளிலும் தமக்கென ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். வெப்பநிலை செல்சியஸ் அளவில் கழித்தல் 20 பாகையாக இருக்கையில், மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது ஏறத்தாழக் கழித்தல் 30 பாகைபோல் இருக்கும். இறக்கத்தில் விரைந்து இறங்கும்போது இந்தக் காற்று மிகும். கால்களோ அப்போது உழைக்காமல் ஓய்ந்திருக்கும். ஆகவே ஏற்றத்தில் வியர்த்து, இறக்கத்தில் உறைவதே இப்பயணத்தின் பெருந்துன்பம்.

ஆம், வியர்வையே முதற்பகை. நனைந்த துணி உடலின் வெப்பத்தை விரைவில் இழக்கச் செய்யும். அனுபவம் மிக்கோர் புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் உடுத்திப் புறப்படுகின்றனர்; பத்து நிமிடம் மிதித்தால் உடல் சூடேறும் என்பது அவர்கள் கணக்கு. பருத்தி உடையைத் தொடுவதில்லை. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்புத் தரும் கம்பளியே மேல்.

தலைக்கு வேண்டியவை

பருத்த குல்லாய் ஒன்றைவிட மெல்லியவை இரண்டு நல்லவை. தலைக்கவசத்தின் உள்ளே காதை மூடும் மெல்லிய கம்பளிக் குல்லாய் ஒன்று. கழுத்தில் குழாய்போன்ற துணி ஒன்று. காற்று மிகும்போது கழுத்துத் துணியை மூக்கு வரை ஏற்றலாம். ஏற்றத்தில் குல்லாயைக் கழற்றிச் சட்டைக்குள் செருகலாம். கழற்றுவதும் அணிவதும் எளிதாக இருந்தால்தான் சோம்பல் தலைகாட்டாது. நாம் மங்கி குல்லாய் என்று சொல்லும் முகமறைப்பு, கடுங்காற்றில் கன்னத்தையும் மோவாயையும் காக்கும். ஆனால் வாயருகே மூச்சின் ஈரம் பட்டு உறைந்துவிடுமாதலால், மாற்றுத் துணி ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். தலைக்கவசத்தின் வாரை நெகிழ்த்திச் சரிசெய்யாமல் தடித்த குல்லாயை உள்ளே திணித்தால், கவசம் தலையில் பொருந்தாது, விழும்போது காக்காது.

காலுக்கு வேண்டியவை

நடப்பவனின் கால் மடங்கி விரியும். தசைகள் குருதியைத் தள்ளும். மிதிவண்டியில் பாதம் அசையாமல் பெடலில் அழுந்தி நிற்கிறது; எதிர்காற்று விரல்களிலேயே மோதுகிறது. ஆகவே ஓட்டுவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கின்றனர்.

முதலாவது, காலணி பெரிதாக இருக்க வேண்டும். குளிர்கிறதென்று மூன்றாவது காலுறையையும் இறுக்கி மாட்டினால் குருதி ஓட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் குளிரும். வெப்பத்தைக் காப்பது கம்பளி இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றே. நசுங்கிய கம்பளியில் காற்று ஏது? உள்ளே விரல்கள் தாராளமாக அசைய வேண்டும்.

இரண்டாவது, பாதத்தின் அடிப்புறம். பெடலோடு பூட்டிக்கொள்ளும் இரும்புக் கொண்டியுடைய காலணி வேகம் தரும். ஆனால் அவ்விரும்பு பாதத்தின் வெப்பத்தை வெளியே கடத்தும். கடுங்குளிரில் அதை நீக்கி, அகன்ற பிளாஸ்டிக் பெடலும், அழுத்திய கம்பளியாலான தடித்த உள்ளடியும் கொள்வது நலம்.

மூன்றாவது, கால் வியர்வை. பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் செறிந்துள்ளன. மெல்லிய காலுறை அணிந்து, அதன்மேல் ஈரம் புகாத உறையை மாட்டி, அதற்கும் மேல் தடித்த கம்பளிக் காலுறை அணிவது வடநாட்டு வழக்கம். சாதாரணப் பிளாஸ்டிக் பைகூட இதற்குப் போதும். உள்ளுறை ஈரமாகும், ஆனால் வெப்பம் காக்கும் கம்பளி உலர்ந்தே இருக்கும். இரவில் பாதத்தைத் துடைத்து உலர்த்தி, காலுறையை மாற்றுவது தவறக் கூடாது.

நான்காவது, இறங்கி நடப்பது. விரல் குளிரத் தொடங்கிய உடனே வண்டியைத் தள்ளிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால், வேறெந்தக் கருவியும் தராத சூடு வரும். இரும்புத் தூள் அடங்கிய வெப்பப் பொட்டலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை காற்றிலுள்ள பிராணவாயு பட்டாலன்றிச் சூடாகா. இறுகிய காலணிக்குள் அவற்றின் பயன் குறைவு.

உறைந்த ஆறுகளில் மேலுமோர் ஆபத்துண்டு. பனிக்கட்டியின் மேற்பரப்பில் சில இடங்களில் நீர் பரவி, வெண்பனியின் அடியில் மறைந்திருக்கும். அதில் கால் நனைந்தால் பயணமே ஆபத்தாகும். அதனால் முழங்கால் வரை நீர் புகாத உறை ஒன்றைப் பையில் மேலாக வைத்துக்கொள்கின்றனர்.

இரவில்

உறக்கப் பைக்குள் செல்லுமுன் சிறிது உண்பதும், உடலைச் சற்று அசைத்துச் சூடேற்றிக்கொள்வதும் வழக்கம். பை தானே சூடு தராது, உள்ளதைக் காக்கும், அவ்வளவே. உறங்குவதற்கென்றே ஓர் உலர்ந்த குல்லாயும் காலுறையும் தனியே இருக்க வேண்டும். முகத்தைப் பைக்குள் இழுத்து மூச்சு விட்டால், மூச்சின் ஈரம் பையின் தூவியை நனைக்கும். மூக்கும் வாயும் வெளியே இருக்கத் தலையை மூடுவதே முறை. நன்றாக மூடிய புட்டியில் வெந்நீரைக் காலுறையால் சுற்றிப் பாதத்தருகே வைக்கலாம். மதுவைப் பற்றியும் ஒரு சொல்: அது தோலின் குழாய்களை விரித்து, சூடு வந்ததுபோல் மயக்கும், உண்மையில் உள்வெப்பத்தை வெளியே விரயமாக்கும். புகையிலையோ குழாய்களைச் சுருக்கும். இரண்டுமே குளிரின் கையாட்கள்.

வலி நின்றால் விழிப்பு வேண்டும்

கால் வலிக்கும்வரை கால் நம்முடையது. வலி திடீரென அடங்கி மரத்துப்போவதும், தோல் வெளுத்து மெழுகுபோல் தோன்றுவதும் உறைவின் அடையாளங்கள். "வலி போயிற்று" என்று மகிழ்ந்தவர்களே விரல்களை இழந்திருக்கின்றனர்.

1812-இல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே, உறைந்த உறுப்பை வெண்பனியால் தேய்க்கச் சொன்னார். நெருப்பில் காய்ச்சிக் கெட்ட கால்களை அவர் கண்டிருந்தமையே காரணம். அவ்வழக்கம் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. தேய்ப்பது திசுவைச் சிதைக்கும் என்பதையும், வெதுவெதுப்பான நீரில் விரைந்து சூடேற்றுவதே சிறந்தது என்பதையும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலாஸ்காவின் மருத்துவர் வில்லியம் மில்ஸ் முதலியோர் நிலைநாட்டினர். இன்று 37 முதல் 39 பாகைச் சூடுள்ள நீரையே மருத்துவர் பரிந்துரைக்கின்றனர். ஆனால் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தால் கேடு பன்மடங்காகும். ஆகவே மறுபடி உறையாது என்ற உறுதி இருக்கும் இடத்தை அடைந்த பிறகே உருக்க வேண்டும். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதல் உலகப்போரின் பதுங்கு குழிகளில், ஈரத்தில் ஊறி ஆயிரக்கணக்கான வீரர்களின் கால்கள் கெட்டன. உலர்ந்த காலுறை வழங்கியதோடு, இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் பார்க்கும் முறையையும் படைத்தலைவர்கள் ஏற்படுத்தினர். தன் மூக்கு வெளுத்ததைத் தான் காண முடியாது. மரத்த விரலைத் தான் உணர முடியாது. இன்றும் பனிநாட்டில் துணையோடு செல்வோர் அடிக்கடி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர்.

தொராந்தோவிலும் ஓஸ்லோவிலும் நம் பிள்ளைகள் பலர் வாழ்கின்றனர். அவர்கள் நோம் வரை போகாவிட்டாலும், குளிர்காலத்தில் மிதிவண்டியில் வேலைக்குப் போகக்கூடும். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, தலையை மூடு என்பதோடு நிறுத்தாமல், "காலணி இறுக்கமா? காலுறை உலர்ந்திருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.