கோபத்தைக் கடற்கரையில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்!

சென்னை மெரினா கடற்கரையில் மாலை 6 மணிக்கு மேல் உழைப்பாளர் சிலைக்குப் பின்புறம் மணலில் பாருங்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் ஒரு பக்கம். காதல் ஜோடிகள் ஒரு பக்கம். இரண்டிலும் சேராத ஒரு கூட்டமும் உண்டு.

தனியாக வருவார்கள். கையில் டிபன் பை இருக்கும். செருப்பைக் கழற்றிப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்கள். சுண்டல்காரப் பையன் வந்தால்கூடக் கையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். அரை மணி, முக்கால் மணி நேரம். பிறகு வேட்டியிலோ பேண்டிலோ ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள்.

ஆபீஸ் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள்தான் இதில் அதிகம். இந்த மூஞ்சியோடு வீட்டுக்குள் போகக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

ரசத்தில் உப்பு

மானேஜர் திட்டுகிறார். எதிர்த்துப் பேச முடியாது. கோபம் உள்ளேயே நிற்கிறது. பஸ்சில் யாரோ காலை மிதிக்கிறார். வீட்டுக்குள் நுழைந்தால் ரசத்தில் உப்பு கம்மி. அவ்வளவுதான், தட்டு பறக்கிறது!

போலீஸ் நிலையத்துக்கு வரும் புருஷன்-பொண்டாட்டி தகராறுகளில், இப்படி ஒன்றுமில்லாத விஷயத்தில் ஆரம்பித்தவை ஏராளம். கோபம் மானேஜர் மேல். அடி வாங்குவது மனைவியும் பிள்ளையும். (மானேஜர் திட்டினார் என்பதற்காக அடித்தது நியாயம் ஆகிவிடாது.)

கடல் என்ன செய்கிறது?

பகலில் தரை சீக்கிரம் சூடாகிறது. கடல் அவ்வளவு சூடாவதில்லை. தரைக்கு மேலே உள்ள சூடான காற்று கிளம்பிப் போக, அந்த இடத்துக்குக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று வருகிறது. நாளெல்லாம் புழுக்கத்தில் வெந்த உடம்புக்கு அதுவே பாதி மருந்து. எதிரே சுவர் இல்லை. அலைச் சத்தத்தில் ஹாரன் சத்தமும் அமுங்கிவிடுகிறது.

1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப்தான் இங்கே உலாவும் சாலை போட்டு, 'மெரினா' என்று பெயரும் வைத்தார். அவர் நினைத்தது துரைமார்களின் மாலை உலாவை. இன்று அது குமாஸ்தாக்களுக்குப் பயன்படுகிறது!

உட்கார்ந்தால் நல்லது. இறங்கினால் ஆபத்து. மெரினாவில் கரையை ஒட்டியே ஆழம் அதிகம். இழுப்பும் உண்டு. போலீசார் விசில் ஊதுவது சும்மா இல்லை.

மரமும் செங்கல் சுவரும்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பழைய ரிக்கார்டுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் புரட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் 23 பேர். செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 23 பேர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இது வெளியானது 1984-ல்.

இங்கிலாந்தில் சுமார் 20 ஆயிரம் பேரிடம் விசாரித்து 2019-ல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. வாரத்துக்கு 120 நிமிஷமாவது பூங்கா, கடற்கரை என்று திறந்த வெளியில் இருப்பவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இருந்தாலும் சரி, பிரித்துக்கொண்டாலும் சரி. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது.

பெண்கள் எங்கே போவது?

ஆண்பிள்ளை மணலில் தனியாக உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் இருட்டும் நேரத்தில் தனியாக உட்காரட்டும், பத்துப் பேர் பார்ப்பார்கள். இரண்டு பேர் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள்.

தி.நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உட்கார நாற்காலி போடவேண்டும் என்று 2021-ல்தான் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கூப்பிடு தூரத்தில் பனகல் பூங்கா. உள்ளே மரமும் பெஞ்சும் இருக்கின்றன. ஆனால் கடை அடைத்து வெளியே வருவதற்குள் இரவாகிவிடும். அதற்கு மேல் எந்தப் பெஞ்சில் போய் உட்காருவது? ஓட்டமாகப் போய் மாம்பலத்தில் ரெயில் பிடிப்பதே பெரும்பாடு.

சாயங்காலம் கூட்டம் சேருவதற்கு முன்னால், ஆளுக்கு 20 நிமிஷம் முறை வைத்து முதலாளிகள் வெளியே அனுப்பலாம். 6 நாளில் 120 நிமிஷம் ஆகிவிடும். 'டீ குடிக்க விட்டாலே பெரிசு' என்று சிரிக்கத் தோன்றும். விட்டுப் பார்க்கட்டுமே! முகம் சுளிக்காமல் புடவை எடுத்துப் போடும் ஆளால் கடைக்கும் லாபம்தான்.

கடற்கரைக்குப் போயும் பாரம் இறங்கவில்லை, பல நாளாகத் தூக்கம் இல்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது காற்று வாங்கித் தீருகிற காரியம் அல்ல. அப்படிப்பட்டவர்களுக்காக 2022-ல் மத்திய அரசு 'டெலி மானஸ்' என்ற போன் சேவையைத் தொடங்கியது. நம்பர் 14416. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எடுப்பார்கள்.