கடைசி நேரத்தில் மாறும் பக்க எண்கள்... வேர்டில் பொருளடக்கம் தானாகவே உருவாக என்ன செய்ய வேண்டும்?

புராஜெக்ட் ரிப்போர்ட் 120 பக்கம். நாளை காலை பைண்டிங் கொடுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு கைடு போன் செய்து, "இரண்டாவது அத்தியாயத்துல அந்த வரைபடத்தையும் சேர்த்துடுங்க" என்கிறார். சேர்த்தாச்சு. வரைபடம் ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வரும் எல்லா தலைப்புகளும் ஒரு பக்கம் தள்ளிப் போய்விட்டன. பொருளடக்கத்தில் கையால் டைப் செய்த பக்க எண்கள் அத்தனையும் இப்போது தப்பு.

கல்லூரி முடித்த பலருக்கும் இந்த இரவு ஞாபகம் இருக்கும். புள்ளி புள்ளியாக கீபோர்டில் தட்டி, வரிசை கோணலாகி, ஸ்பேஸ் பார் அடித்து நேராக்கி, கடைசியில் பக்க எண்ணும் தவறாகப் போன அனுபவம்.

இத்தனைக்கும் இந்த வேலையை எம்எஸ் வேர்ட், கூகுள் டாக்ஸ், லிப்ரே ஆபிஸ் என எல்லா மென்பொருளும் தாமாகவே செய்து கொடுக்கும். அதற்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். எது தலைப்பு என்று கணினிக்குச் சொல்ல வேண்டும்.

கணினிக்கு தலைப்பு தெரியாதா?

தெரியாது. ஒரு வரியை பெரிதாக்கி, போல்டு செய்து, நடுவில் வைத்தால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. ஆனால் வேர்டுக்கு அது பெரிய எழுத்தில் உள்ள இன்னொரு வரி, அவ்வளவுதான். 'இது தலைப்பு' என்று அடையாளம் கொடுப்பதுதான் 'ஸ்டைல்'. வேர்டில் ஹோம் பகுதியில் வலது பக்கம் ஹெட்டிங் 1, ஹெட்டிங் 2 என்று இருப்பவை அவைதான். பலர் வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருப்பார்கள்.

1, 2, 3 என்பது எழுத்தின் அளவு அல்ல, தலைப்பின் படிநிலை. திருக்குறளை எடுத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் மூன்றும் ஹெட்டிங் 1. அறத்துப்பாலுக்குள் வரும் இல்லறவியல், துறவறவியல் போன்றவை ஹெட்டிங் 2. அதற்குள் வரும் வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு போன்ற அதிகாரங்கள் ஹெட்டிங் 3. 1330 குறளுக்கும் எந்த ஸ்டைலும் தேவையில்லை, அவை நார்மல். இந்த அடுக்கு மனதில் நின்றுவிட்டால் 133 அதிகாரத்துக்கும் பக்க எண்ணோடு பொருளடக்கம் வர சில விநாடிகள் போதும்.

சரி, எப்படி செய்வது?

தலைப்பு இருக்கும் வரியில் கர்சரை வைத்து ஹெட்டிங் 1 என்பதைக் கிளிக் செய்யுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலை நடக்கும். உள்தலைப்புக்கு 1-க்குப் பதில் 2, அதற்கும் உள்ளே 3. ஆவணம் முழுக்க இப்படி ஒரு சுற்று போய் வர வேண்டும். நேரம் எடுக்கும் வேலை இது ஒன்றுதான். முதல் நாளிலிருந்தே ஸ்டைல் கொடுத்து டைப் செய்திருந்தால் இந்த வேலையும் இல்லை.

பிறகு பொருளடக்கம் வர வேண்டிய பக்கத்தில் கர்சரை வைத்து, ரெஃபரன்சஸ் பகுதியில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் என்பதைத் திறந்து, ஆட்டோமேட்டிக் டேபிள் ஒன்றைத் தேர்வு செய்யுங்கள். தலைப்புகள், புள்ளிகள், பக்க எண்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மேலே 'கன்டென்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் வருவதை அழித்துவிட்டு 'பொருளடக்கம்' என்று டைப் செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு இடத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அதே பட்டியலில் மேனுவல் டேபிள் என்று ஒன்றும் இருக்கும். பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் அது வெறும் காலி படிவம். தலைப்பையும் எண்ணையும் நாமே டைப் செய்ய வேண்டும், தானாக எதுவும் மாறாது. பழைய கதைதான்.

"ஹெட்டிங் கொடுத்தா நீல கலரில் வேற ஃபான்ட்டில் வருது. எங்க யுனிவர்சிட்டியில கறுப்புதான் கேட்பாங்க" என்று ஸ்டைலையே தவிர்ப்பவர்கள் உண்டு. நியாயமான புகார்தான், ஆனால் தீர்வு சுலபம். ஒரே ஒரு தலைப்பை மட்டும் நீங்கள் விரும்பும் நிறம், அளவு, ஃபான்ட்டுக்கு மாற்றுங்கள். அதை செலக்ட் செய்து, மேலே ஹெட்டிங் 1 மீது ரைட் கிளிக் செய்தால் 'அப்டேட் ஹெட்டிங் 1 டு மேட்ச் செலக்‌ஷன்' என்று வரும். அதைத் தொட்டவுடன் ஆவணத்தில் உள்ள அத்தனை ஹெட்டிங் 1-ம் அதேபோல் மாறிவிடும். இப்படி ஒருமுறை பழகினால் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாக அலங்கரிக்க கை வராது.

பக்கம் மாறினால்?

முதலில் சொன்ன அந்த இரவுக்கு வருவோம். வரைபடம் சேர்த்த பிறகு பொருளடக்கத்தின் மேல் கிளிக் செய்து எஃப்9 அழுத்தினால் போதும். வேர்டு இரண்டு கேள்வி கேட்கும். பக்க எண்களை மட்டும் புதுப்பிக்கவா, அல்லது முழு அட்டவணையையுமா? தலைப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை என்றால் முதலாவது. புதிய தலைப்பு சேர்த்திருந்தாலோ, நீக்கியிருந்தாலோ இரண்டாவது.

தானியங்கி என்றாலும் எஃப்9 அழுத்தாமல் எண் மாறாது. இதை மறந்து பழைய எண்களோடு பிரின்ட் எடுத்துவிட்டு, 'சாஃப்ட்வேர் சரியில்லை' என்று திட்டுபவர்கள் அதிகம்.

பொருளடக்கத்துக்குள்ளேயே போய் எழுத்துப்பிழை திருத்துவதும் வீண் வேலை. அடுத்த முறை முழு அட்டவணையைப் புதுப்பித்தால் பழைய பிழையே திரும்பி வரும். திருத்தத்தை உள்ளே, அசல் தலைப்பில் செய்ய வேண்டும்.

பக்க எண் வர வேண்டிய இடத்தில் 'எரர்! புக்மார்க் நாட் டிஃபைன்ட்' என்று தடித்த எழுத்தில் வந்து பயமுறுத்துகிறதா? பெரும்பாலும் ஒரு தலைப்பை அழித்துவிட்டு, பக்க எண்ணை மட்டும் புதுப்பித்ததால் வருவது. முழு அட்டவணையையும் புதுப்பித்தால் போய்விடும். ஒரு முழுப் பத்தியே பொருளடக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அந்தப் பத்திக்கு தெரியாமல் ஹெட்டிங் ஸ்டைல் விழுந்திருக்கிறது, நார்மலுக்கு மாற்றினால் சரி. ஒரே தலைப்பு இரண்டு வரியாக உடைந்து இரண்டு எண்ணோடு வந்தால், தலைப்பின் நடுவில் என்டர் தட்டியிருப்பீர்கள்.

பாமினியில் டைப் செய்தால் ஏன் குழப்பம்?

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு மட்டுமே வரும் தனித் தலைவலி இது. உள்ளே தலைப்பு அழகான தமிழில் இருக்கும். பொருளடக்கம் எடுத்தால் ஏதோ ஆங்கில எழுத்துகளாக வரும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும்.

காரணம், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமிப்பது தமிழ் எழுத்தை அல்ல, ஆங்கில எழுத்தை. அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் அந்த ஃபான்ட்டின் வேலை. பொருளடக்கத்துக்கென்று வேர்டில் தனி ஸ்டைல்கள் இருக்கின்றன. அவற்றின் ஃபான்ட் வேறு என்பதால் போர்வை விலகி, அடியில் இருப்பது தெரிந்துவிடுகிறது.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. ஸ்டைல் பட்டியலில் டிஓசி 1, டிஓசி 2, டிஓசி 3 என்று இருப்பவற்றை மாடிஃபை செய்து, அவற்றின் ஃபான்ட்டையும் பாமினி ஆக்கிவிட்டால் அச்சில் சரியாக வந்துவிடும். ஆனால் நிரந்தரத் தீர்வு யூனிகோடுதான். தமிழுக்கு யூனிகோடை தமிழக அரசு 2010-லேயே தர நிர்ணயமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகளும் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்பு பார்த்துவிடுவது நல்லது, ஆங்கிலச் சொற்கள் கலந்த இடங்களில் மாற்றி சொதப்பும்.

முன்பக்கங்களுக்கு ரோமன் எண் வேண்டுமா?

சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம் ஆகியவற்றுக்கு சிறிய ரோமன் எண்ணும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்றும் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. இதற்காக இரண்டு தனி கோப்புகள் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. முதல் அத்தியாயத்துக்கு முன்னால் கர்சரை வைத்து, லேஅவுட் பகுதியில் பிரேக்ஸ் என்பதற்குள் செக்‌ஷன் பிரேக்கில் 'நெக்ஸ்ட் பேஜ்' கொடுங்கள். ஆவணம் இரண்டு பிரிவாகிவிடும். இரண்டாம் பிரிவின் ஃபூட்டரில் டபுள் கிளிக் செய்து, 'லிங்க் டு பிரீவியஸ்' என்பதை அணைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம். பிறகு பேஜ் நம்பர் ஃபார்மட்டில் முதல் பிரிவுக்கு ரோமன், இரண்டாம் பிரிவுக்கு 1-ல் தொடக்கம் என்று கொடுத்தால் முடிந்தது. பொருளடக்கமும் அதற்கேற்ப எண்களைக் காட்டும்.

படங்கள், அட்டவணைகளின் பட்டியலுக்கும் இதே தத்துவம்தான். ஒவ்வொரு படத்துக்கும் 'இன்சர்ட் கேப்ஷன்' வழியாக விளக்கம் கொடுத்தால், 'இன்சர்ட் டேபிள் ஆஃப் ஃபிகர்ஸ்' பட்டியலைப் போட்டுத் தரும்.

கூகுள் டாக்ஸில்?

ஸ்டைல் கொடுக்கும் முறை ஒன்றுதான். பிறகு இன்சர்ட் மெனுவில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ். புதுப்பிக்க, அதைக் கிளிக் செய்தால் தெரியும் வட்ட அம்புக்குறியைத் தொட வேண்டும். ஆவணம் 'பேஜ்லெஸ்' முறையில் இருந்தால் பக்க எண்கள் வராது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் இன்சர்ட் மெனுவில்தான் இருக்கிறது, ரைட் கிளிக் செய்து 'அப்டேட் இண்டெக்ஸ்' கொடுக்க வேண்டும். போனில் டைப் செய்பவர்கள் தலைப்பு ஸ்டைலை ஆப்பிலேயே கொடுத்துக்கொண்டு, பொருளடக்கத்தை மட்டும் கணினியில் செருகுவது வசதி.

பார்க்க முடியாதவருக்கு இதுதான் வழிகாட்டி

பக்க எண் மட்டுமே விஷயம் என்றால் கையால் டைப் செய்தே காலத்தை ஓட்டிவிடலாம். பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் 200 பக்க ஆவணத்தைப் படிப்பதை யோசித்துப் பாருங்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் வரிவரியாகப் படித்துக் காட்டும். நான்காம் அத்தியாயம் மட்டும் வேண்டும் என்றால்? தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுத்திருந்தால், பிரவுஸ் முறையில் ஹெச் என்ற ஒற்றை விசையை அழுத்தி தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். வெறுமனே போல்டு செய்த 'தலைப்பு' என்றால் தாவ வழியே இல்லை. பாமினியில் டைப் செய்த கோப்பு என்றால் இன்னும் மோசம். அந்த மென்பொருளுக்கு அது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளை அர்த்தமில்லாமல் வாசித்துத் தள்ளும்.

பெரிய நூலுக்கு பொருளடக்கம் என்பது ஏதோ கணினி காலத்து யோசனை இல்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி, கி.பி. 77 வாக்கில் தன் 37 பாக 'இயற்கை வரலாறு' நூலை அளித்தபோது, முதல் பாகம் முழுவதையுமே உள்ளடக்கப் பட்டியலாக வைத்தார். முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் தேடியதை எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். நம்ம ஊர் முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே பிளினிதான்.

பிரின்ட் கடைக்குப் போகும் முன்...

வேர்டு கோப்பை பென்டிரைவில் போட்டு அப்படியே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே உங்கள் ஃபான்ட் இல்லை என்றால் வரிகள் நகர்ந்து பக்கங்கள் மாறிவிடும், பொருளடக்கம் மறுபடியும் பொய் சொல்லும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது பாதுகாப்பு. 'சேவ் ஆஸ்' வழியாக பிடிஎஃப் தேர்வு செய்து, ஆப்ஷன்ஸில் 'கிரியேட் புக்மார்க்ஸ் யூசிங்: ஹெட்டிங்ஸ்' என்பதை டிக் செய்தால், பிடிஎஃப்பின் ஓரத்திலும் தலைப்புகள் வரிசையாக வரும். பிரின்ட் கொடுத்து அதில் பிடிஎஃப் தேர்வு செய்யும் குறுக்கு வழியில் போனால் இந்த புக்மார்க்கும், திரைவாசிப்பானுக்கான தலைப்பு அடையாளமும் காணாமல் போய்விடும்.

பிடிஎஃப் ஆக்குவதற்கு சற்று முன், கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் செலக்ட் செய்து எஃப்9 தட்டுங்கள். பொருளடக்கம், படப்பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படும். முன்பக்கங்களைத் தனிப் பிரிவாகப் பிரிக்காதவர்கள் இதை இரண்டு முறை செய்வது நல்லது. பொருளடக்கமே ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக நீண்டிருந்தால், அது தள்ளிவிட்ட பக்கங்களின் எண் இரண்டாவது முறையில்தான் சரியாகும்.